ரொக்கம்

“உங்க பேர்ல ஒண்ணுமே வரல சார்” என்றாள் வங்கியின் கடன் பிரிவில் இருந்த பெண். அப்பா சிரித்தார். முதல் பரிசு வாங்கிய பிள்ளை மேடையிலிருந்து இறங்கி வரும்போது சிரிக்குமே, அந்தச் சிரிப்பு. “எப்படிம்மா வரும்? யாருக்கும் சல்லிக்காசு பாக்கி கிடையாது” என்று சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டாயா என்பது போல என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அதான் சார் பிரச்சனையே” என்றாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாகத்தான் விளக்கினாள். கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியவருக்கு நல்ல ஸ்கோர் இருக்கும், கட்டாதவருக்கு மோசமான ஸ்கோர் இருக்கும், ஜென்மத்தில் வாங்காதவரைப் பற்றி மெஷினுக்கு எதுவுமே தெரியாது, தெரியாத ஆளை நம்பி எப்படிக் கையெழுத்து வாங்குவது என்றாள். அப்பா மேசை மேல் இருந்த தன் கைகளைப் பார்த்தார். டிங்கர் வேலை செய்து நகமெல்லாம் கறுத்துப்போன கைகள். வங்கிக்குப் போகிறோம் என்று காலையில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார். “அப்போ நான் யாருமே இல்லையாம்மா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கார் ஒர்க்‌ஷாப்பில் அப்பாவுக்கு ரொக்கம் என்று பெயர். முதலாளி முதல் பெயின்ட் அடிக்கிறவர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். டீக்கடையில் கணக்கு வைத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவர்தான். கையில் காசிருந்தால் டீ, இல்லாவிட்டால் தண்ணீர். எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் முழுப் பணம் சேர்ந்த பிறகுதான் வாசல்படி ஏறும். அம்மா துணி துவைக்கும் மெஷின் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பணம் சேரும், யாருக்காவது காய்ச்சல் வரும், பணம் கரையும். “இருடி, வாங்கிடலாம்” என்பார் அப்பா. அம்மாவும் இருந்தாள்.

நான் வேறு ஜாதி. என் போன் தவணையில், ஸ்கூட்டர் தவணையில், காலில் கிடக்கும் செருப்பு மட்டும்தான் முழுசாக என்னுடையது. ஒரு சமயம் சம்பளம் குறைந்தபோது கிரெடிட் கார்டுக்குக் கட்ட வேண்டியது பின்னால் பின்னால் போய், என் ஸ்கோர் படுத்துவிட்டது. இத்தனை நாள் அதைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. இப்போது கவலைப்பட வேண்டி வந்ததற்குக் காரணம் கடை. கண்ணாடிக் கடை ஒன்றில் நான் லென்ஸ் வெட்டிப் பொருத்தும் வேலை பார்க்கிறேன். கடை முதலாளி சாருக்கு வயசாகிவிட்டது, மகனோடு போய் இருக்கப்போகிறார். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பெனி ஒன்று கடையைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. “உனக்குத் தரணும்னுதான் எனக்கு ஆசை. மழைக்காலம் முடியற வரைக்கும் பார்க்கிறேன், பணத்துக்கு வழி பண்ணு” என்று சார் சொல்லியிருந்தார். வங்கி, நல்ல ஸ்கோர் உள்ள ஒருவர் என்னோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டால் கடன் தருகிறோம் என்றது. அப்பாவை விட நல்ல ஆள் உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துத்தான் அழைத்துப் போனேன்.

நாங்கள் எழுந்திருக்கும்போது ஒரு பெரிய மனிதர் உள்ளே வந்தார். மேனேஜரே அறையிலிருந்து வெளியே வந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார், பின்னாலேயே டீ போனது. அப்பா என் காதருகே குனிந்தார். “அந்த வெள்ளைக் காருக்குச் சொந்தக்காரரும்மா. போன தடவை கதவு நெளிவு எடுத்தேனே. நம்ம ஒர்க்‌ஷாப்புக்கே இன்னும் பாக்கி வெச்சிருக்காரு.”

“அவருக்கு ஸ்கோர் இருக்குப்பா” என்றேன்.

ஏதாவது சின்னதாகக் கடன் வாங்கி ஆறேழு மாதம் தவறாமல் கட்டினால் பெயர் வந்துவிடும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அப்படித்தான் எங்கள் வீட்டுக்குத் துணி துவைக்கும் மெஷின் வந்தது. முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்தது, அம்மா தேர்ந்தெடுத்தாள். கடையில் கையெழுத்துப் போடும்போது அப்பாவுக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. என்னவோ கிட்னியை எழுதிக் கொடுக்கிற மாதிரி இருந்தது பார்க்க. நானும் அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். இப்போது நினைத்தால் சிரித்திருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது.

மெஷின் வந்த நாளிலிருந்து அப்பா ஒரு மாதிரியாக இருந்தார். அம்மாவின் துணியும் என் துணியும் அதில் சுற்றும். தன் சட்டையை மட்டும் வாளியில் ஊறவைத்துக் கையாலேயே கசக்கினார். கேட்டதற்கு, “அது இன்னும் நம்முது இல்லம்மா” என்றார். “என்னங்க, மெஷினுக்குத் தெரியவா போகுது எது கடன்காரர் துணின்னு?” என்று அம்மா கிண்டல் செய்தாள். அவர் சட்டையை முறுக்கிப் பிழிந்தார். வாசலில் யாராவது கதவைத் தட்டினால் முதலில் எழுந்து ஓடுகிறவர் அவராகத்தான் இருந்தார். முதல் தவணை வாங்க ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் வந்தபோது, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “வீட்லதான் இருக்கேன், உள்ள வாங்க!” என்று குரல் கொடுத்தார். வந்த பையனே மிரண்டுபோனான். ஏன் இப்படிக் கத்துகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். அப்பா மெஷினுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வட்டக் கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய ஒர்க்‌ஷாப் சட்டை நுரையோடு புரண்டுகொண்டிருந்தது. முகத்தில் அப்படியொரு நிம்மதி. அம்மா சமையலறை வாசலில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“முடிச்சுட்டேம்மா” என்றார் அப்பா. “மொத்தமா கட்டி முடிச்சுட்டேன். பல்லு கட்டறதுக்குன்னு எடுத்து வெச்சிருந்தேனே, அதுல. ஆனா பாரு, என்ன ஊரோ! முன்னாடியே கட்டினதுக்கு அபராதம் போட்டாங்க. சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன்.”

நான் கைப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. என்னென்னவோ பேசிவிட்டேன். ஆறு மாதம் கடனோடு இருக்கத் தெரியாதா, உங்கள் கௌரவம் பெரிதா என் கடை பெரிதா, இனி முதலிலிருந்து ஆரம்பித்தால் மழைக்காலம் முடிவதற்குள் எப்படி ஸ்கோர் வரும், அந்தக் கம்பெனிக்காரன் போர்டு மாட்டிவிட்டுப் போவான், நான் அவனிடமே சம்பளத்துக்கு நிற்க வேண்டியதுதான் என்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா எழுந்திருக்கவில்லை. மெஷின் அதுபாட்டுக்குச் சுற்றியது.

“ஏங்க, அவ உங்ககிட்ட பணமா கேட்டா? கடனோட கொஞ்ச நாள் இருங்கன்னுதானே கேட்டா?” என்றாள் அம்மா.

“முடியலடி” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் சட்டை புரள்வதையே பார்த்தார். பிறகு மெஷினிடம் சொல்வது போலச் சொன்னார். “எனக்கு நாலஞ்சு வயசு இருக்கும். வாசல்ல ஆள் வந்து நிப்பான். எங்கப்பா கட்டிலுக்கு அடியில போயிடுவாரு. நான் கதவைத் தொறந்து, அப்பா வீட்ல இல்லன்னு சொல்லணும். பிசிறு இல்லாம சொல்லிட்டேன்னா, அவன் போனப்புறம் எங்கப்பா வெளிய வந்து என் தலையத் தடவிக் குடுப்பாரு. மத்த நேரத்துல தொட்டதே கிடையாது. அதுக்காகவே யாராவது வரமாட்டாங்களான்னு இருக்கும் எனக்கு.” அங்கே நிறுத்திவிட்டு, “உன்னை அந்த வார்த்தைய சொல்ல வெச்சதில்லம்மா நான். ஒரு நாள்கூட வெச்சதில்ல” என்றார்.

எனக்குக் கடன் என்பது போனில் வரும் ஒரு செய்தி. விரலால் தள்ளிவிட்டால் போய்விடும், மறுநாள் மறுபடி வரும், மறுபடி தள்ளுவேன். அந்த வெள்ளைக் கார் மனிதருக்கு அது மேனேஜர் கொண்டுவந்து கொடுக்கும் டீ. அப்பாவுக்கு மட்டும் அது கால் முளைத்து வந்து வாசலில் நிற்கிறது. இதுவரை கஞ்சத்தனம் என்றும் வறட்டு ஜம்பம் என்றும் நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் எனக்காகப் போட்ட வேலி என்று அன்றுதான் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம், கடை கடைதான். கோபம் தீராமலே அவர் மேல் பாசம் பொங்கி வந்து, இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் நான் கிளம்பும்போது அப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார். “நானும் வரேன், உங்க சாரைப் பார்க்கணும்” என்றார். என்ன சொல்லப்போகிறார் என்று கேட்டேன். “இன்னொரு கடன் வாங்கறேம்மா. இந்தத் தடவை பயப்படாத. இருந்ததெல்லாம் மெஷினுக்குப் போயிடுச்சு. முன்னாடியே கட்டணும்னு நான் தலைகீழா நின்னாலும் முடியாது.”

“இப்பதான் மனுஷன் உருப்படியான கடன்காரனா ஆயிருக்காரு” என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே அவர் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

கடையில் சார் தனியாகத்தான் இருந்தார். நான் லென்ஸ் வெட்டும் மெஷின் பக்கம் போய், அதைத் துடைக்கிற மாதிரி நின்றுகொண்டேன். அப்பா கண்ணாடி அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். ஒரு ஃப்ரேமை எடுத்தார், விலைச்சீட்டைப் பார்த்துவிட்டுச் சத்தம் வராமல் திரும்ப வைத்தார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனுஷனுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “என்ன, கண்ணுல ஏதாவது தொந்தரவா?” என்று சார்தான் கேட்டார். அப்பா ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். சார் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கண் சோதிக்கிற அந்தக் கனமான வட்ட ஃப்ரேமை மூக்கில் மாட்டினார். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகைக்கு விளக்குப் போட்டார்.

“கீழ இருந்து ரெண்டாவது வரி படிங்க.”

அப்பா படிக்கவில்லை. “எம்பொண்ணுக்கு இன்னும் கொஞ்ச நாள் டைம் குடுங்க சார்” என்றார். “தப்பு என்னுது. அவசரப்பட்டு நான்தான் கெடுத்துட்டேன். இல்ல, உங்களுக்கு இஷ்டம்னா கடைய அவளுக்குக் குடுங்க, மாசாமாசம் நான் உங்ககிட்டயே கட்டறேன். எம்பேர் எந்த மெஷின்லயும் இல்ல சார். நான் இங்க பக்கத்துலதான் இருக்கேன்.”

சாருடைய விரல் லென்ஸ் பெட்டிக்குள் ஓடியது. ஒன்றை எடுத்து, துணியால் துடைத்து, அப்பாவின் வலது கண்ணுக்கு முன்னால் செருகினார்.

“இப்போ?”

“மங்கலாத்தான் இருக்கு சார்.”

“பொறுங்க” என்று சொல்லிவிட்டு சார் மறுபடி பெட்டிக்குள் தேடினார். அப்பா இரண்டு கைகளையும் தொடை மேல் வைத்துக்கொண்டு, அசைந்தால் ஃப்ரேம் விழுந்துவிடும் என்று கழுத்தை நேராக நிறுத்தி உட்கார்ந்திருந்தார். அந்த ஒற்றை லென்ஸுக்குப் பின்னால் அவருடைய வலது கண் மட்டும் பெரிதாக, ஈரமாக, இமைக்காமல் காத்திருந்தது.