இருபத்து மூன்றாம் இலக்கக் கொளுக்கி

அருமைராசா அந்தக் கல்லூரியில் பதினாறு வருடமாகப் பராமரிப்பு வேலை செய்கிறவர். நகரின் வடக்கே அஹுன்ட்சிக் பகுதியில், ஆற்றங்கரையை ஒட்டிய பழைய கல் கட்டடம். முன்பு அது கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதி. கானவாகே என்ற பூர்வகுடிக் குடியிருப்பிலிருந்து மொஹாக் சிறுமிகளைக் கொண்டுவந்து, பெயரையும் பேச்சையும் மாற்றி வளர்த்த இடம். அதற்காகக் கல்லூரி செப்ரெம்பர் முப்பதாம் தேதி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க இருந்தது.

விழாவுக்கு ஆறு நாள் இருக்கையில், கீழ்த்தள நடையில் மாட்டியிருந்த நிறுவுநரின் படத்தைக் கழற்றச் சொன்னார்கள். ஆணியோடு சாந்தும் பெயர்ந்து விழுந்தது. பின்னால் பலகை அடைப்பு. ஒரு பலகையை நெம்பி எடுத்து, ரோர்ச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

ஒடுங்கிய அறை. சுவர் நீளத்துக்கு அவருடைய இடுப்பு உயரத்தில் இரும்புக் கொளுக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு இலக்கம். எல்லாம் வெறுமை. இருபத்து மூன்றில் மட்டும் ஒரு சிறு கம்பளிக் கோட் தொங்கியது. தரையெங்கும் விரல் கனத்துக்குத் தூசி. கோட்டின் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது. கோட்டைத் தொட்டுப் பார்த்தார். ஊறிப்போன ஈரம். ஆற்றுப் பாசி மணத்தது.

துணை அதிபர் மடாம் பெலான்ஜே வந்து பார்த்துவிட்டு, குழாய் ஒழுகுகிறது என்றார். பின்னேரம் வந்த குழாய்க்காரர் அந்தச் சுவரில் குழாயே இல்லை என்றார். அருமைராசா தண்ணீரைத் துடைத்தார். ஒரு மணித்தியாலத்தில் அது திரும்பவும் தேங்கியது.

“விழா முடியட்டும். அதுவரை மூடி வையுங்கள். யாரிடமும் சொல்ல வேண்டாம்” என்றார் மடாம்.

அவர் பலகையை அடித்து மூடினார். மறுநாள் பட்டப்பகலில் அந்த நடையால் போகும்போது, பலகைக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் கேட்டது. அவர் மற்றப் படிக்கட்டால் போகத் தொடங்கினார்.

அன்றிரவு வில்லரேயில் உள்ள வீட்டில் மனைவி றோஸ்மேரி கேட்டாள். “சாப்பிடாமல் என்ன யோசினை?”

நடந்ததைச் சொன்னார்.

“அந்த இலக்கம் ஆருடையது எண்டு பாத்தனீங்களோ?”

“ஓம். பழைய பதிவேட்டை விழாவுக்கு எடுத்து வைச்சிருக்கினம். ஆன்-மரி, ஒன்பது வயசு. பக்கத்தில ‘வீட்டுக்கு அனுப்பியாச்சு’ எண்டு கிடக்கு.”

றோஸ்மேரி கோப்பையைக் கீழே வைத்தாள். “எங்கட அண்ணையையும் ஆமிக் காம்பிலயிருந்து விட்டாச்சு எண்டுதானே எழுதித் தந்தவங்கள்.”

அருமைராசா சோற்றைத் தள்ளி வைத்தார்.

“சொன்னால் வேலை போகும், றோஸ்.”

“போகட்டும். அந்தப் பிள்ளையின்ர ஆக்களுக்குச் சொல்லுங்கோ.”

அடுத்த நாள் காலை, விழாவில் அந்தச் சிறுமிகளின் பெயர்களை வாசிக்கவிருந்த டோரீன் ஒத்திகைக்கு வந்தார். கானவாகேயைச் சேர்ந்த, ஓய்வுபெற்ற தாதி. அருமைராசா அவரை வாசலிலேயே மறித்து, கோட்டையும் ஆன்-மரி என்ற பெயரையும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி, கூட்டிக்கொண்டுபோய்ப் பலகைகளைக் கழற்றினார்.

டோரீன் இலக்கத்தைப் பார்த்தார். “அப்பாவின் அக்கா. ஓடிப்போய்விட்டாள் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள்.”

“அனுப்பியதாகப் பதிவேட்டில் இருக்கிறது.”

“அவள் வரவில்லை.”

டோரீன் குனிந்து, தன் மொழியில் ஒரு பெயரைச் சொன்னார். ஆன்-மரி அல்ல, அருமைராசாவால் திருப்பிச் சொல்ல முடியாத ஒரு பெயர். சொட்டுவது நின்றது. அறையின் கோடியில், யாரோ நெடுநேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டதுபோல ஒரு சத்தம். அருமைராசா சிலுவை போட்டுக்கொண்டார். டோரீன் திரும்பிப் பார்க்கவில்லை.

“நீங்கள் வாசலில் நில்லுங்கள். போய்விடாதீர்கள்” என்றார்.

விழா நடக்கவில்லை. முதலில் தேடுங்கள், மன்னிப்பைப் பிறகு கேட்கலாம் என்று டோரீன் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்தார். கன்னியாஸ்திரிகளின் மடத்துக் கடிதங்களைத் திறந்தார்கள். ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து ஒரு பிள்ளை மூழ்கியதும், வீட்டாருக்கு அறிவிக்காமல் மதிலோரம் புதைத்ததும் ஒரு கடிதத்தில் இருந்தது. வீட்டுக்குப் போகத்தான் அவள் உறைந்த ஆற்றின் வழியே நடந்திருக்கிறாள்.

அருமைராசாவின் வேலை போகவில்லை. மடாம் காலையில் அவருக்கு வணக்கமாக போன்ஜூர் சொல்வதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

நவம்பரில் குடும்பத்தவர் முன்னிலையில் மதிலோரம் தோண்டினார்கள். மத்தியானம் டோரீன் கூடாரத்துக்கு வெளியே வந்து அவரருகில் நின்றார்.

“அவளைக் கண்டுவிட்டோம்” என்றார். “அவளோடு இன்னும் இரண்டு பேர் கிடக்கிறார்கள். அவர்களுடைய சாவு பதிவேட்டில் இல்லை.”