இழந்த குமட்டல்

பால் கெடுவதற்கு ஒரே வழி இல்லை. சில பால் புளிக்கும். சில பால் கொழுப்புச் சிதைந்து, பழைய எண்ணெய்போல் காறும். இன்னும் சில, கழுவிய சோப்புநீர் குழாயில் தங்கிவிட்டமையால், துவைத்த துணியைச் சப்பினாற்போல் இருக்கும். இவற்றுள் எதுவாயினும் ஆலைக்குள் நுழையுமுன் மூக்காலும் நாவாலும் கண்டறிந்து திருப்பி அனுப்புபவனுக்குச் சோதகன் என்று பெயர். நான் சோதகன். ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும் என்பார்கள். ஒரு டேங்கர் பாலுக்கு என்னுடைய ஒரு தவறு போதும்.

என் மனைவி மருத்துவமனையில் செவிலியர். மகள் பிறந்தபின் அவளுக்குப் பகல்முறையும் இரவுமுறையும் மாறிமாறி வந்தமையால், நான் வேலையை விட்டு வீட்டில் இருந்து பிள்ளையை வளர்த்தேன். மகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியதும் முன்பு வேலை பார்த்த பால் ஆலையின் வாயிலில் மீண்டும் போய் நின்றேன். சேர்த்துக்கொண்டார்கள்; ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒரு வாரத்திற்குள் தலைமைச் சோதகருக்கு என்மீது நம்பிக்கை பிறந்தால் என் பழைய இடம் எனக்கு. பிறக்காவிடில் பொட்டலம் அடுக்கும் பிரிவு.

முதல் நாள் பணியாளர் அதிகாரி என்னைத் தம் அறைக்கு அழைத்து, நம்பிக்கையை வளர்த்துக்கொள்வது எவ்வாறு என்று எடுத்துரைத்தார். அப்போது அவர் கேக் தின்றுகொண்டிருந்தார். மென்றது வாய்க்குள் உருளுவது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"டெய்லி காலையில கண்ணாடி முன்னாடி நின்னு, 'என்னால முடியும்'னு சொல்லுங்க சார். இவ்ளோ வருஷம் வீட்டுலயே இருந்துட்டீங்கல்ல, மனசு துருப்பிடிச்சிருக்கும்."

அவருடைய கடைவாயில் எச்சிலில் ஊறிய கேக் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. வேலையை விடுவதற்கு முன்பு இருந்த நானாக இருந்திருந்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டிருப்பேன். அன்றோ, என் கட்டைவிரல் என்னைக் கேளாமலே மேசைக்கு மேலாக நீண்டு, அதைத் துடைத்துவிட்டது. அதிகாரி பின்னால் சாய்ந்தார். அந்த ஈரத்தை நான் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டேன். இன்று நினைத்தாலும் வயிற்றைப் புரட்டுகிறது, அன்று புரட்டவில்லை. என் நோய் அதுதான்.

அன்று பிற்பகல் சோதனையறையில் குவளைகளை வரிசையாக வைத்தார்கள். பாலைச் சூடாக்கித் தருவார்கள். சூட்டில்தான் கெட்ட வாடை மேலெழும். வாயில் வாங்கி, உருட்டி, மூக்கு வழியாக மூச்சை விட்டு, தொட்டியில் துப்ப வேண்டும். விழுங்குதல் கூடாது. தலைமைச் சோதகரான அம்மையார் கைகட்டி நின்றார். அவருக்கு அருகில், என் இடத்தில் இத்தனை காலம் வேலை பார்த்த சோதகன் நின்றான். எதையும் மோந்து பார்க்காமல் தொடமாட்டான் என்பதால் அவனுக்குப் பூனை என்று பெயர்.

நான் முதற்குவளையை எடுத்தேன். உஃப் உஃப் என்று ஊதினேன்.

பூனை சிரிப்பை அடக்க முடியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "என்னண்ணே, ஆறவச்சுக் குடிக்கிறீங்களா? ஸ்பூன் கொண்டாரட்டுமா?"

அம்மையார் சிரிக்கவில்லை. "ஊதினா வாடை போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். கைப்பழக்கம்."

"கையா ஊதுச்சு?"

வேறு குவளை வந்தது. இம்முறை ஊதவில்லை. வாயில் வாங்கினேன், உருட்டினேன், விழுங்கினேன். அடுத்ததையும் விழுங்கினேன். கடைசிக் குவளையில் இருந்தது வேண்டுமென்றே கெடுத்து வைத்த பால். அதையும் விழுங்கிவிட்டு, "லேசா ஒரு மாதிரி இருக்கு, பரவால்ல" என்றேன்.

பூனைக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. "அண்ணே, அது போன வாரத்துப் பால்ணே" என்றான். அவன் முகம் வெளிறியிருந்தது.

வீட்டிலிருந்த ஆண்டுகளில் நான் தின்றவற்றைச் சொன்னால்தான் இது விளங்கும். மகள் மென்று பிடிக்காமல் உள்ளங்கையில் துப்பிய பழத்தை நான் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவளுடைய குவளையின் அடியில், பிஸ்கட் கரைந்து சேறாகிப்போன பாலை ஒரே மடக்கில் குடித்திருக்கிறேன். சோபாவின் இடுக்கிலிருந்து எடுத்த வறண்ட ரொட்டியில் முடி ஒட்டியிருந்தது. முடியை எடுத்துவிட்டு ரொட்டியைத் தின்றேன். அவள் என் தோளில் வாந்தி எடுத்த சட்டையோடு நின்று சமைத்தேன், அந்தச் சட்டையோடே சாப்பிட்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பது பழமொழி. காக்கை குஞ்சின் எச்சிலையும் தின்கிறது என்பதைப் பழமொழி சொல்வதில்லை.

இவையெல்லாம் அன்பின்பாற்பட்டவை என்று சிலர் கூறுவர். இருக்கலாம். ஆனால் சோதகனுக்கு அருவருப்பே கருவி. தச்சனுக்கு உளி எவ்வாறோ, அவ்வாறு. அந்தக் கருவியை நான் பிள்ளையின் எச்சில் தட்டில் போட்டு மழுங்கடித்துவிட்டேன்.

மாலையில் மனைவி கேட்டாள்: "என்னாச்சு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"எனக்குத் துப்ப வரல."

"என்னது?"

"வாயில போட்டா உள்ள போயிடுது. துப்பணும்னு தோணவே மாட்டேங்குது."

"ஏங்க, ஊர்ல அவனவன் லிஃப்ட்ல துப்புறான், படிக்கட்டுல துப்புறான். சம்பளம் குடுத்துத் துப்பச் சொல்றாங்க, உங்களுக்கு வரலையா?"

"சிரிக்காத."

"சிரிக்கல. போங்க, சிங்க் முன்னாடி நின்னு பழகுங்க."

பழகினேன். மகளும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி நின்று, என்னோடு சேர்ந்து துப்பினாள். அவள் துப்பியதில் பாதி என் முழங்கையில் வழிந்தது. நான் அதைத் துடைக்கவேயில்லை என்பதை மனைவிதான் கண்டாள்.

"ச்சீ! அப்படியே விட்டுட்டு நிக்கிறீங்க பாருங்க. கழுவுங்க முதல்ல."

அந்தச் 'ச்சீ' எனக்குப் பொறாமையைத் தந்தது.

மறுநாள் முதல் என்னை டேங்கர் நிற்கும் மேடைக்கு அனுப்பினார்கள். அங்கே வழக்கம் வேறு. சோதகன் ஏணியில் ஏறி டேங்கரின் மேல்மூடியைத் திறப்பான். அடைபட்டுக் கிடந்த காற்று முகத்தில் மோதும். அந்த ஒரு மூச்சிலேயே 'எடு' என்றோ 'திருப்பு' என்றோ உரக்கச் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'எடு' என்றால் குழாயை மாட்டிவிடுவார்கள். பால் பெருந்தொட்டியில் மற்றப் பாலோடு கலந்துவிடும். அதன்பின் பிரிக்க இயலாது.

நான் மூடியைத் திறந்தேன், மோந்தேன், மீண்டும் குனிந்தேன், மூன்றாம் முறையும் தலையை உள்ளே விட்டேன். ஒவ்வொரு முறையும் வாடை குறைந்துகொண்டே போனது. "எடு" என்றேன். ஒவ்வொரு வண்டிக்கும் அவ்வாறே செய்தேன்; சோதனை வாரமாதலால், எனக்குப்பின் பூனையும் ஏறி மோந்த பிறகே குழாயை மாட்டினார்கள். ஓட்டுநர்களுக்கு என்னை மிகவும் பிடித்துப்போயிற்று. அவர்களில் ஒருவர் என் தோளில் கைபோட்டு, "அண்ணன் மாதிரி நல்ல மனுஷன் இந்த மேடைக்கு வந்ததே இல்ல" என்றார். அவருடைய கையில் டீசலும் வியர்வையும் நாறின.

வாரம் முடிய ஒரு நாள் இருக்கையில் அம்மையார் என்னைத் தனியே அழைத்தார்.

"ஏன் திரும்பத் திரும்ப மோந்து பாக்குறீங்க?"

"உறுதிப்படுத்திக்கத்தான் மேடம்."

"முதல் மூச்சு சாட்சி. ரெண்டாவது மூச்சு வக்கீல். கேஸை ஜோடிக்கத்தான் அது வரும். வீட்டுல பிள்ளை தப்புப் பண்ணா வக்கீல் வேலை பாருங்க, நான் கேக்கல. இங்க சாட்சி மட்டும் போதும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்குக் கடைசி நாள். பொட்டலப் பிரிவுல ஆள் கேட்டுட்டே இருக்காங்க."

கடைசி நாள் காலையில் முதல் வண்டியின் மேல் ஏறினேன். மூடியைத் தூக்கினேன்.

மோதியது பாலின் வாடையன்று. ஈரத்துணியை நெடுநாள் மூடிய வாளியில் வைத்துத் திறந்தாற்போன்ற ஏதோ ஒன்று மிக மெல்லியதாக வந்து, தொண்டையின் அடியைத் தொட்டது. என் வாயில் நீர் ஊறியது. குடல் ஒருமுறை மேலே எழுந்து அமர்ந்தது. இத்தனை ஆண்டுகளில் என் உடல் ஒன்றை வேண்டாமென்று சொன்னது அதுவே முதல் முறை.

வழக்கம்போல் மீண்டும் குனிய என் கழுத்து தயாராயிற்று. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே நின்றேன்.

"திருப்பு!"

கீழே நின்றவர், தோளில் கைபோட்ட அதே ஓட்டுநர். "அண்ணே, என்ன விளையாடுறீங்களா? ராத்திரியெல்லாம் ஓட்டிட்டு வந்திருக்கேன்."

"திருப்பு."

அம்மையார் ஏறி வந்தார். தாமும் ஒரு மூச்சு இழுத்தார், கண்ணை மூடிக்கொண்டார். பின்னர்ப் பாலை எடுத்துச் சூடாக்கிக் கொண்டுவரச் செய்து, வாயில் வாங்கி, உருட்டி, துப்பினார். பூனையும் அவ்வாறே செய்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார் அம்மையார். "நானா இருந்தா எடுத்திருப்பேன். இன்னொரு தடவை மோந்து பாருங்களேன்."

இரண்டாம் மூச்சு கூடாது என்றவரே அதைக் கேட்டார். மோந்தால் வாடை இராது என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை என்று சொல்லிவிடுவேன். எல்லாருக்கும் என்னைப் பிடித்துப்போகும்.

"மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"குமட்டுது."

அவ்வளவே என்னிடம் இருந்தது. சொல்லி முடிக்கவும் மெய்யாகவே குமட்டியது. ஏணியின் ஓரத்தில் சாய்ந்து, காலையில் உண்டதை எல்லார் முன்னிலையிலும் மேடையில் கொட்டினேன். ஓட்டுநர் துள்ளி விலகினார். பூனை தன் சட்டையின் கழுத்தை மூக்குவரை இழுத்துக்கொண்டான்.

அம்மையார் அந்த அசிங்கத்தைப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "வண்டியைத் திருப்புங்க."

"மேடம், நீங்களே நல்லாத்தான இருக்குன்னீங்க!"

"ஆமா. அவரு மூக்கு சொல்றது சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. ஆனா இன்னிக்கு அவருக்கு மூக்கு இருக்கு."

ஓட்டுநர் என்னை நோக்கி விரலை நீட்டினார். "உங்க வீட்டுல இந்தப் பாலைக் குடிக்க மாட்டீங்களா? சொல்லுங்க!"

"இதைவிட மோசமானதெல்லாம் குடிச்சிருக்கேன் தம்பி" என்றேன், வாயைத் துடைத்தவாறே. "அது என் பிள்ளைக்கு. இது ஊருக்கு."

அவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். அந்தப் பாலில் உண்மையிலேயே பழுது இருந்ததா என்பதை நான் இன்றுவரை அறியேன். அது எந்த ஆலைக்குப் போயிற்று, யார் அதைக் குடித்தார்கள் என்பதும் தெரியாது.

பூனை ஒரு வாளித் தண்ணீரோடு வந்தான். "நகருங்கண்ணே, நான் கழுவுறேன்."

"வேணாம்பா. பார்க்கவே சகிக்கல. நானே கழுவுறேன்."

மேடையைத் தேய்த்துக் கழுவி முடித்தபோது அடுத்த டேங்கர் வாயிலில் ஒலியெழுப்பியது. அம்மையார் என்னை மேலே போகுமாறு கையால் காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே சென்றார். ஏணியின் படிகள் வழுக்கின. மூடியைத் திறந்தேன், ஒரு மூச்சு இழுத்தேன். குளிர்ந்த பாலின் வாடையைத் தவிர வேறொன்றும் இல்லை.

"எடு" என்றேன்.