மூன்றாவது கல்

தென்னை நாரில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு மணிமொழி கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரி போய்விட்டது. கரிக்கு அடியில் மஞ்சள் பெயிண்ட் கொப்பளித்து வெடித்திருந்தது. அது மட்டும் போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். நகத்துக்குள் மஞ்சள் ஏறியதே தவிர, நெருப்புப் பட்ட இடம் நெருப்புப் பட்ட இடமாகவே தெரிந்தது.

முன்பக்கம் பறை திடீரென்று வேகம் பிடித்தது.

"மணி... ஏ மணி! ஆஸ்பத்திரி வண்டி வந்துடுச்சி. உன் மாமனார எறக்கறாங்க, நீ இங்க இன்னா கழுவிகினு இருக்க?" பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி பின்கதவில் நின்றாள்.

"பாத்திரந்தான்க்கா. மலையிலேருந்து வந்த பாத்திரம்."

"பாத்திரமாடி இப்ப முக்கியம்? ஓடியா."

அவள் தலை மறைந்ததும் மணிமொழி இரண்டு கையாலும் கல்லைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில் தள்ளினாள். புடவைத் தலைப்பில் விரல்களைத் துடைத்துக்கொண்டு, கூந்தலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு முன்வாசலுக்கு ஓடினாள்.

அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கல். கழனிக்கு வேலி போட்டபோது உடைந்துபோன கல்தூணின் முனை. ஒருபக்கம் சரிந்து ஆப்பு மாதிரி இருக்கும். அதற்கு வேலை கிடைத்தது போன மாதம்தான். அவள் புருஷன் தமிழரசன் செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் இழுத்துப் பிடிக்கிற கை பிரேக் கிடையாது. கியருக்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு சுவிட்ச் உண்டு. மேலே தூக்கினால் பின்சக்கரத்துக்குள் ஒரு மோட்டார் முனகிப் பிடித்துக்கொள்ளும். கீழே அழுத்தினால் விட்டுவிடும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு மாமனார் ராஜாங்கம், "இன்னாடா இது, பிரேக்கா, காலிங் பெல்லா?" என்று கேட்டார். கரும்பு டிராக்டரை இரும்பு லிவரில் நிறுத்திப் பழகிய மனிதர்.

ஆனி மாதத்திலிருந்து அந்த மோட்டார் தன் இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பித்தது. சில நாள் பிடித்தது. சில நாள் பிடித்த மாதிரி சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் நழுவியது. ஒருநாள் பிடித்த பிடியை அரைமணி நேரம் விடவே இல்லை. கள்ளக்குறிச்சி மெக்கானிக் வெங்கடேசன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மோட்டாரு போயிடுச்சிங்க. மெட்ராஸ்லேருந்து வரணும், பத்து நாள் ஆவும். அதுவரைக்கும் லைட்ட நம்பாதீங்க. கியர்ல போட்டு நிறுத்துங்க, பின்னால கல்லு ஒண்ணு குடுங்க."

பத்து நாள் இருபது நாளானது. யாரும் தூக்கி எறிந்துவிடக் கூடாதென்று தமிழரசன் கல்லுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தான். எல்லோரையும் நிற்கவைத்துச் சட்டம் போட்டான். "வண்டி நின்னதும் கல்லு. நான் வண்டியில ஏறி ஒக்கார்ற வரைக்கும் யாரும் கல்லத் தொடக்கூடாது." ராஜாங்கம் அதற்குக் காவக்காரன் என்று பேர் வைத்தார். வீட்டுக்குள் வரும்போதெல்லாம், "காவக்காரன் குந்திகினு இருக்கானா?" என்று ஒருதரம் கேட்டுக்கொள்வார்.

இப்போது அவரை ஐஸ் பெட்டிக்குள் வைத்தார்கள். முகத்தை மட்டும் விட்டு மற்றதெல்லாம் வெள்ளைத் துணி. நேற்றுக் கோயிலில் பூசிய விபூதி, ஆஸ்பத்திரியில் துடைத்த பிறகும், புருவத்துக்கு மேலே ஒரு கீற்று மிச்சமிருந்தது.

பெட்டியின் தலைமாட்டில் மாமியார் தங்கமணி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வருகிறவர்கள் கட்டிப்பிடித்து அழும்போது அசைந்து கொடுத்தாள், அவ்வளவுதான். மணிமொழி பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"நல்லாத்தான பொங்கிச்சி? கெழக்கால பொங்கிச்சி. நல்ல சகுனந்தான மணி?"

"ஆமாங்க அத்த."

"மொதல்லதான் ஆடிச்சி பான. அப்பறம் கல்லு ஆடவே இல்லியே."

மணிமொழி சட்டென்று திரும்பினாள். மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். தங்கமணி பெட்டிக் கண்ணாடியில் வழிந்த நீர்த்துளிகளைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்து சொன்னாளா, வாய்க்கு வந்ததைச் சொன்னாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பந்தலின் ஓரத்தில் ஏட்டு கண்ணாயிரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அட்டையை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எதிரில் தமிழரசன் நின்றான். குளித்த ஈர வேட்டியிலிருந்து காலடியில் தண்ணீர் சொட்டியது.

"சாவு வூட்ல கேக்கறனேன்னு நெனைக்காதீங்க தம்பி. எழுதியே ஆவணும். பிரேக்கு போட்டீங்களா?"

"போட்டேன் சார். செவப்பு லைட்டு எரிஞ்சிது."

"கியரு?"

"போட்டேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன் சார். அப்பாவத் தூக்கிப் போட்டுகினு கெளம்பும்போது பாக்கறேன், நியூட்ரல்ல கெடக்குது."

"கல்லு?"

"கல்லு குடுத்தேன் சார். நல்லா ஞாபகம் இருக்குது."

கண்ணாயிரம் பேனாவை நிறுத்தினார். "காலையில மலைக்குப் போய்ப் பாத்துட்டுதான் வரேன். வண்டி நின்ன எடத்துல கல்லே இல்லியே தம்பி. கியர போட்டேன்னு நெனச்சீங்க, போடல. கல்லும் அப்பிடித்தான் ஆயிருக்கும். அடக்கம் முடிஞ்சதும் வண்டிய ஸ்டேஷனுக்குக் கொண்டாந்துடுங்க, பிரேக் இன்ஸ்பெக்டர் பாக்கணும். ஓட்டினவரு பேர்லதான் கேஸு வரும். பயப்படாதீங்க, எல்லாருக்கும் நடக்கறதுதான்."

தமிழரசன் திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தான். அத்தனை பேர் நடுவில் அவன் கண் அவளைத்தான் தேடியது.

"மணி, நான் கல்லு குடுத்தத நீ பாத்தியா?"

பார்த்தாள். கல்லைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினான். அந்தச் சத்தம்கூட ஞாபகம் இருந்தது.

"நான் அடுப்பாண்ட இருந்தேங்க" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். ஏட்டையாவுக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவள் அடுப்பருகே இருந்ததும் உண்மைதான். நடந்ததை வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான். முனியப்பன் கோயிலுக்கு எதிரே மலைச் சரிவில் கார் நின்றது. பத்தடி தள்ளிப் பொங்கல் அடுப்பு. காட்டில் பொறுக்கிய மூன்று கல்லில் ஒன்று சோடைக்கல். சூடு ஏறியதும் பிளந்து பானை சாய்ந்தது. தங்கமணி துணியைச் சுற்றிப் பானையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "சாமி பான சாயக்கூடாதுடி! ஒரு கல்லு கொண்டா, கை வேவுது!" மணிமொழி நாலு பக்கமும் பார்த்தாள். மஞ்சளாக ஒரு கல் கண்ணில் பட்டது. காரின் முதுகில் கையை வைத்துத் தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. பால் பொங்குகிற வரைக்கும்தானே என்று உருவிக்கொண்டு ஓடினாள். பானை நிமிர்ந்தது. பால் பொங்கியது. எல்லோரும் பொங்கலோ பொங்கல் என்று கூவினார்கள். வாழை இலை எடுக்கப் போய் டிக்கியைத் திறந்த ராஜாங்கம் போட்ட சத்தம் அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. பிரேக் விட்டு வண்டி பின்னால் உருண்ட இடத்தில் ஒரு கடுக்காய் மரம். மரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் அவர்.

அதே காரில்தான் அவரை ஏற்றிக்கொண்டு வெள்ளிமலை ரோட்டில் இறங்கினார்கள். தலை அவள் மடியில் இருந்தது. ஏழாவது வளைவிலோ எட்டாவதிலோ அவர் கண்ணைத் திறந்து, "காவக்காரன் தூங்கிட்டானாடா?" என்றார். ஓட்டிக்கொண்டிருந்த தமிழரசன் திரும்பவில்லை. கச்சிராயபாளையம் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. கல்லைப் பின்னால் வேனில் வந்தவர்கள் யாரோ பாத்திரத்தோடு பாத்திரமாகக் கோணியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். இன்று காலை கோணியைக் கவிழ்த்தபோது அது அவள் காலடியில் வந்து விழுந்தது.

மூன்று மணிக்குப் பாடை தயாரானது. தெருவின் மேல்முனை வழியாகத்தான் சுடுகாட்டுக்குப் போகவேண்டும். பந்தலுக்கு மேல்புறம் காரை நேற்று வந்து நிறுத்தியது நிறுத்தியபடி கிடந்தது. அடியில் கல்லும் இல்லை. வாய்க்காலைப் பார்த்துச் சரிந்து இறங்குகிற தெரு அது.

"வண்டிய எடுங்கப்பா, பாட போவ வழி வேணும்."

கொள்ளி வைக்கிறவன் வண்டி ஓட்டக் கூடாதென்று சாவியைத் தமிழரசனின் அக்கா புருஷன் அன்புச்செல்வன் வாங்கிக்கொண்டார். ஏறி ஸ்டார்ட் செய்து சுவிட்சை அழுத்தினார். கார் உறுமியது, நகரவில்லை. மறுபடி அழுத்தினார்.

"மச்சான், இன்னாயா இது, வுடவே மாட்டுது?"

"அது அப்பிடித்தான் மாமா. எறங்காதீங்க, கால பிரேக்லயே வைங்க" என்று தமிழரசன் கத்தினான். பறைச் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. பின்சக்கரத்தில் என்னதான் மாட்டியிருக்கிறது என்று பார்க்க, கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு இறங்கிவிட்டார்.

அவர் குனிந்த நேரத்தில் மோட்டார் முனகியது.

கார் மெதுவாகத்தான் பின்னால் வந்தது. நாலு பேர் டிக்கியில் முதுகைக் கொடுத்தார்கள். சிமெண்டு ரோட்டில் கொட்டிக் கிடந்த பூவில் அவர்கள் கால் வழுக்கியது. அவர்களுக்குப் பின்னால் பந்தல். பந்தலில் ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் தங்கமணி, தன் பாட்டுக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.

"கல்லு! கல்லு போடுங்கடா யாராவது!"

சிமெண்டு தெருவில் ஏது கல்? பறை நின்றுவிட்டது. அந்த அமைதியில் மணிமொழி எழுந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியவில்லை. நடையைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, தொட்டிக்குப் பின்னால் கையை விட்டு இழுத்தாள். தோல் உரிந்தது. கல்லை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் தள்ளினாள். டயர் ஏறிப் பார்த்துவிட்டு, ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"ஆத்தா, காப்பாத்துனடி" என்று பாப்பாத்தி கும்பிட்டாள்.

தமிழரசன் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். மஞ்சள் பெயிண்ட். ஒருபக்கம் முழுக்கப் பொரிந்த கொப்புளம், வெடிப்புகளுக்குள் கரி. அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தக் கொப்புளங்களை விரலால் தடவினான். பிறகு அவள் கையைப் பார்த்தான். அவள் விரல்களை மடக்கிக்கொண்டாள். நகத்தில் மஞ்சள் இருந்தது.

ஏட்டு நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "இன்னா கல்லு தம்பி அது?"

"வூட்டுக் கல்லு சார்."

சொல்லிக்கொண்டே அவன், டிக்கியில் நின்றவர்களை ஒருமூச்சு முட்டுக்கொடுத்துத் தள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் கல்லை உருவிப் புரட்டினான். வெந்த பக்கத்தை டயரைப் பார்க்க வைத்தான். எழுந்து குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"சார், எழுதிக்குங்க. கல்லு நான் போடல. மறந்துட்டேன்."

"காலையிலேருந்து போட்டேன் போட்டேன்னுதான சொல்லிகினு இருந்தீங்க?"

"இப்பத்தான் ஞாபகம் வந்திச்சி."

கண்ணாயிரம் அவனையும் காரையும் ஒருதரம் பார்த்துவிட்டு எழுதினார். மணிமொழி ஓரடி முன்னால் வந்தாள். மடக்கிய விரல்களைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் காரைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. பாடையை ஒருக்களித்துச் சாய்த்துக் காருக்கும் சுவருக்கும் நடுவில் கொண்டுபோனார்கள். மாலை ஒன்று கண்ணாடியில் மாட்டி அறுந்தது. கொள்ளிச் சட்டியோடு முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. தமிழரசன் தெருமுனைவரை திரும்பிப் பார்க்கவில்லை.

பிணம் போனதும் வீட்டைக் கழுவிவிட்டார்கள். மணிமொழி குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் கால் கழுவ வாசலில் ஒரு குடத்தை நிரப்பி வைத்தாள். தங்கமணி துடைப்பத்தை வாங்கிக்கொண்டு, காரைச் சுற்றிக் கிடந்த பூவையெல்லாம் கூட்டினாள். கல்லருகே வந்ததும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டாள். கல்லைத் தொடாமல் சுற்றிக் கூட்டிவிட்டு உள்ளே போனாள்.

மேலே எங்கோ இன்னும் பறை கேட்டது. மணிமொழி வாசல்படியில் உட்கார்ந்து, ஒரு கையால் மறுகையின் நகங்களை மூடிக்கொண்டு, குடத்துத் தண்ணீர் அசைந்து அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.