வெளியிலிருந்து அடிக்கும் மணி

1

“அந்த நாக்கைக் கழட்டுங்கோ.”

ஒப்பந்தம் முடியப்போகிற ஒருத்தி அருங்காட்சியகத்தில் இப்படிக் கேட்கவே கூடாது என்று தக்சாயினிக்கு எல்லோரும் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டாள். [ஜெர்மன் மொழியில்தான் கேட்டாள். என் கதையில் யாழ்ப்பாணத் தமிழில் கேட்கட்டும்.]

கதை எங்கிருந்து வந்தது என்றால், 2004இல் இங்கே ஜெர்மனியில் ஒரு கண்காட்சியில் யப்பானியக் கோயில் மணியொன்றைப் பார்த்தேன். ‘தொடாதீர்கள்’ என்று எழுதியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. மற்றதெல்லாம் புளுகு.

2

பனி பெய்த ஒரு மாலையில், அவள் [வேண்டாம். ஜெர்மனி என்றால் பனிதானா?]

மணியைச் சொல்கிறேன். யப்பானில் அதற்குள் ஆடி அடிக்கும் நாக்குக் கிடையாது. பக்கத்தில் ஒரு மரக்கட்டை கயிற்றில் படுக்கையாகத் தொங்கும். இழுத்து விட்டால் வெளியிலிருந்து மோதும். ஆண்டு முடியும் இரவில் நூற்றெட்டுத் தரம் அடிப்பார்கள். மனிதரை அலைக்கழிக்கும் ஆசைகள் அத்தனையாம். (எனக்கு அதைவிடக் கூட இருக்கும்.)

தக்சாயினியின் அருங்காட்சியகத்து யப்பானிய மணிக்குள் இரும்பு நாக்கு. மணி குறைப்பட்டது என்று நினைத்து, முந்தைய ஜெர்மன் சொந்தக்காரர் ஒருவர் அதைப் பொருத்திவிட்டார். அவருக்குத் தெரிந்தது தேவாலய மணிதான். சனிக்கிழமை கண்காட்சித் திறப்பு விழாவில் நகரபிதா நாக்கின் கயிற்றை இழுப்பார். விளிம்பில் ஏற்கெனவே மயிரிழை வெடிப்பு. இரும்பு பட்டால் பிளந்துவிடும்.

3

தகப்பன் பரராசசிங்கத்துக்கு ஹம் நகரில் தொழிற்சாலை வேலை. தொலைபேசியில்:

“நாக்கு இருக்கிறது நல்லதுதானே பிள்ளை? எங்கட கோயில் மணிக்கும் இருக்கு.”

“இதுக்கு இருக்கக் கூடாதப்பா.”

“எங்கட வீட்டில முதல் பட்டம் எடுத்தது நீ. வேலை நிரந்தரமாகும் மட்டும் வாயை மூடிக்கொண்டு இரன்.”

“ஏலாது.”

“கொம்மாவின்ர குணம் அப்பிடியே.”

[அவரை முதலில் மக்காக எழுதினேன். வெட்டிவிட்டேன். தேவாலயக்காரரும் கோயில்காரரும் ஒன்றுபட்டு நான் கண்டது இந்த ஒரு பிழையில்தான்.]

4

மேலதிகாரி லோமன் அம்மையார் கத்தவில்லை.

“நாக்குப் பூட்டி நூறு வருசமாச்சு. இப்ப அதுவும் வரலாறு. உமக்குப் பிடிக்காத வரலாற்றைக் கழட்டுறதுக்கோ உம்மை வேலைக்கு எடுத்தது? ஒப்பந்தத்தைப் பற்றி அடுத்த கிழமை கதைப்பம்.”

நல்ல வாதம். அதை வெட்டாமல் விட்டேன்.

5

கதைக்கு வரக்கூடிய முடிவுகள்:

(அ) லோமன் மனம் மாறுகிறார். மாறமாட்டார், படைத்தவள் நான், எனக்குத் தெரியும்.

(ஆ) மணி பிளக்கிறது, இவள் சொன்னது சரி என்கிறார்கள். ஒருத்தியைச் சரியென்று காட்ட மணியை உடைப்பதா?

(இ) அவள் வாயை மூடிக்கொண்டு

இதை எழுதி முடிப்பதற்குள் தக்சாயினி வெளியே போகிற ஜாக்கெட்டைப் போட்டுவிட்டாள்.

“நில்லும்,” என்றேன். “சனிக்கிழமையை இன்னும் எழுதேல்லை.”

“அதை வாசிக்கிற ஆக்களிட்டக் குடுங்கோ அக்கா. நாக்கை நான் காலமையே கழட்டிட்டன்.”

தோளில் தொங்கிய பை அவளை ஒரு பக்கமாகச் சாய்த்தது. லோமனின் அறைக் கதவு திறந்திருந்தது. பையைத் தோள் மாற்றாமல் அதைக் கடந்து வெளியே போனாள்.