ரூப்லி பிடித்த விரதம்

கஜேந்தினி தோளில் கிடந்த பையை இறக்கவில்லை. கண்ணாடிப்பெட்டி இருந்த மூலையில் இப்போது முருகன் படமும் குத்துவிளக்கும் இருந்தன.

"ரூப்லி எங்க?"

கணவன் லக்சன் சோபாவிலிருந்து எழுந்தான். "வந்ததும் வராததுமா... முதல்ல சப்பாத்தைக் கழட்டு. தேத்தண்ணி போடட்டே?"

"எங்க எண்டு கேட்டனான்."

"கெல்லருக்குள்ள. சூரன்போர் முடிஞ்சுதுதானே, இண்டைக்கு மேல கொண்டுவரத்தான் இருந்தனான்."

அவள் லிப்ட்டுக்குக் காத்து நிற்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்றாக மரச்சட்டம் அடித்துப் பிரித்த அந்த நிலக்கீழ் அறைகளில், குளிர்கால டயர்களுக்கும் சூட்கேசுகளுக்கும் நடுவே, கம்பளியால் மூடப்பட்டு இருந்தது பெட்டி. அங்கே பிளக் செருக ஒரு துளைகூட இல்லை. சூட்டு விளக்கு செத்துக் கிடந்தது. உள்ளே ஒரு கிண்ணத்தில் ஆடை கட்டிய பால். பக்கத்தில் கறுத்துப்போன வாழைப்பழத் துண்டுகள்.

ரூப்லி ஒரு மூலையில் கிடந்தான். முழங்கை நீளம்கூட வளராத உடும்பு. முட்டையிலிருந்து வந்தபோது கரட் நிறத்தில் இருந்ததால், கரட்டுக்குச் சுவிஸில் சொல்கிற பெயரையே வைத்திருந்தாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கூட நிற்கிற ஒருத்தி, தான் வளர்த்த உடும்பு இட்ட முட்டைகளில் ஒன்று பொரித்ததும் கொடுத்திருந்தாள். இப்போது அவன் கண்கள் குழிக்குள் போயிருந்தன. மூக்கில் சளி. தூக்கியபோது, பிரிட்ஜுக்குள் கிடந்த கரண்டியைத் தொட்டதுபோல் கை கூசியது. ஜாக்கெட்டைத் திறந்து கழுத்தோடு அணைத்து வைத்தாள். மூச்சு விடும்போது அவனுக்குள்ளே ஏதோ கிறீச்சிட்டது.

முழங்காலில் ஒப்பரேஷன் செய்த அம்மாவைப் பார்க்க அவள் ஷ்லீரனுக்குப் போய் ஒரு கிழமைதான். ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்துக் கேட்டாள். ஒவ்வொரு பின்னேரமும் லக்சன் சொன்னான்: "ஓம், ஓம், வடிவாச் சாப்பிட்டவன்."

படியில் எதிரே வந்த லக்சன், "காருக்குத் திறப்பு எடுக்கட்டே?" என்றான்.

"தேவையில்லை. பொய்காரனோட நான் காரில வரமாட்டன்."

டாக்சியில் போனாள்.

மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். பட்டாணி அளவு ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். நுரையீரலில் சளி கட்டிவிட்டது, உடம்பிலே நீர் இல்லை. "என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள்?"

"பாலும் வாழைப்பழமும்."

"வாழைப்பழமா?" வைத்தியர் இரண்டு தரம் கேட்டார். கந்தசஷ்டிக்கு ஓர் உடும்பை விரதம் பிடிக்க வைத்த கதையை எந்த ஜேர்மன் சொல்லில் சொல்வது? கஜேந்தினிக்குக் காதெல்லாம் எரிந்தது. பிழை செய்யாதவள் அவள், வெட்கப்பட்டு நின்றதும் அவள்.

பெட்டியில் சூடு குறையக்கூடாது. தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக மூக்கின் மேல் விட வேண்டும். முன்னங்காலில் வீட்டிலேயே ஊசி போட வேண்டும். தானாகச் சாப்பிடத் தொடங்கினால்தான் நம்பிக்கை, அடுத்த கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். முக்கியமாக, சத்தம் கூடாது. பயந்தால் மிச்ச உயிரும் போய்விடும்.

ஊசி போட இரண்டு பேர் வேண்டும் என்பதுதான் கொடுமை. வீட்டில் இருந்த மற்ற ஆள் லக்சன். கல்யாணம் முடித்து மட்டக்களப்பிலிருந்து வந்த முதல் நாளே ரூப்லியைப் பார்த்து, "எங்கட ஊரில இதைக் கண்டா சட்டிதான் முதல்ல தேடுவாங்கள்" என்று சிரித்தவன். இதுநாள்வரை ஒரு விரலாலும் தொட்டதில்லை.

"பிடியுங்கோ. அப்பிடியில்ல, நெஞ்சுக்குக் கீழ கையைக் குடுங்கோ."

அவன் பிடித்தான். கை நடுங்கியது.

"இப்ப நடுங்குது," என்றாள் கிசுகிசுத்து. "கெல்லருக்குள்ள கொண்டுபோய் வைக்கேக்க நடுங்கேல்லையோ?"

"நான் வைக்கேல்ல கஜா." அவனும் கிசுகிசுத்தான். "நான் வேலைக்குப் போனாப்பிறகு அக்காதான் மேல்வீட்டுப் பொடியனைக் கூப்பிட்டுக் கீழ இறக்கினவ. விரதத்துக்குச் சாமி வைக்க அந்த மூலைதான் சரியாம். மாமிசம் தின்னுறதுக்குப் பக்கத்தில முருகனை வைக்கேலாதாம்."

சோலோதுர்னிலிருந்து சஷ்டிக்கு வந்து நின்றுவிட்டுப் போன அவனுடைய அக்கா பரமேஸ்வரி. கஜேந்தினி ஊசிக்குள் மருந்தை இழுத்தாள்.

"அப்ப, பின்னேரம் வந்து கண்டனீங்கள்."

"ஓம்."

"கண்டுபோட்டு?"

"அக்கா விரதத்தில இருந்தவ. தண்ணி மட்டும் குடிச்சுக்கொண்டு. அவவோட எப்பிடிச் சண்டை பிடிக்கிறது? ரெண்டு நாள்தானே எண்டு நினைச்சன். பிறகு மூண்டாச்சு..."

"பிரிசருக்குள்ள இவனுக்கு வச்சிருந்த எலிக்குஞ்சு?"

"குப்பையில போட்டவ. பாவம் வாயில்லாச் சீவன், பட்டினி கிடக்கக் கூடாது எண்டு பால் வச்சதும் அவதான்."

ஊசியை ஏற்றிவிட்டு வெளியே இழுத்தாள். வாய்விட்டுக் கத்த வேண்டும் போல் இருந்தது. சுவர் அதிரக் கத்தினால் அவன் சாக மாட்டான், ரூப்லி செத்துப்போவான். பல்லைக் கடித்துக்கொண்டாள். காற்றாக வந்தது குரல்.

"அக்காவுக்குப் பயந்து எனக்குப் பொய் சொன்னீங்கள். இஞ்ச நான் யார்? உங்கட அக்கா வந்தா கெல்லருக்குப் போற சாமானோ?"

"கஜா..."

"அவவுக்குப் போன் எடுத்து, பிழை எண்டு சொல்லுங்கோ. அதுவரைக்கும் பிடி, விடு எண்டதைத் தவிர என்னோட கதைக்க வேண்டாம்."

அவன் போன் எடுக்கவில்லை. எடுப்பான், வைப்பான், பல்கனிக்குப் போவான், திரும்பி வருவான். அவள் சோபாவில் படுத்தாள். ஊசி நேரங்களில் மட்டும் இருவர் தலைகளும் அந்தச் சின்ன உடம்பின் மேல் ஒன்றாகக் குனிந்தன. அவன் கை நடுக்கம் மெல்ல நின்றதை அவள் கவனித்தாள். கவனித்ததற்காகத் தன்மேலும் கோபப்பட்டாள். ரூப்லி கண்ணைத் திறந்தான், விளக்கின் கீழே ஊர்ந்து போனான். சாப்பாட்டை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. தோலுக்குக் கீழே இடுப்பெலும்பு தெரியத் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை பூசை முடித்து, பேர்ண் கோயிலிலிருந்து நேரே விபூதிச் சரையோடு வந்து நின்றார் பரமேஸ்வரி.

"என்ன பிள்ளை, முகம் கறுத்துக் கிடக்கு? அம்மாவுக்கு இப்ப சுகமே?" என்றவர் மூலையைப் பார்த்தார். "ஐயோ, இதைத் திரும்ப இஞ்ச வச்சிட்டியளோ!"

"மச்சாள், மெல்லமாக் கதையுங்கோ. அவனுக்குச் சுகமில்லை," என்றாள் கஜேந்தினி. அதற்கு மேல் ஒரு சொல் சொன்னாலும் வீடு வெடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் பெட்டிக்குள் நாக்கு தெரிந்தது. பிளவுபட்ட சின்ன நாக்கு வெளியே வந்து காற்றைத் தொட்டு உள்ளே போனது. மறுபடியும் வந்தது. ரூப்லி தலையைத் தூக்கினான்.

லக்சன் பிரிசரைத் திறந்தான். முந்தின நாள் வேலையால் வரும்போது அவனாகவே வாங்கி வந்த பொதி உள்ளே இருந்தது. ஓர் எலிக்குஞ்சை எடுத்து வெந்நீரில் போட்டான்.

"தம்பி! இண்டைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டில சாமிப்படம் இருக்கு. இதை நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்கு இவன் இருக்க மாட்டான் அக்கா."

"பல்லிக்கும் உடும்புக்கும் அப்பிடியென்ன..."

"அக்கா." கிசுகிசுப்புத்தான், ஆனாலும் கஜேந்தினி நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகம் சிவந்திருந்தது. "இது கஜாவின்ர வீடு. அவளிட்டக் கேக்காம நீங்கள் இதை இறக்கினது பிழை. தெரிஞ்சும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது அதைவிடப் பெரிய பிழை. விரதம் பிடிச்சது நீங்கள். ஆனா இவனைச் சாகக் குடுத்திருப்பம் நாங்கள் ரெண்டு பேரும்."

"என்னையோ சொல்லுறாய்? உன்னைத் தூக்கி வளத்த என்னையோ?"

"உங்களைத்தான் சொல்லுறன். மெல்லமாக் கதையுங்கோ."

பரமேஸ்வரி விபூதிச் சரையை மேசையில் வைத்துவிட்டு விறுக்கென்று பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லக்சன் இடுக்கியால் எலிக்குஞ்சைப் பிடித்து நீட்டினான். ரூப்லி முகர்ந்தான். திரும்பிக்கொண்டான். கஜேந்தினியின் கண் மங்கியது. லக்சன் கையை அசைக்காமல், மூச்சையும் அடக்கிக்கொண்டு அப்படியே முட்டிக்காலில் நின்றான். ரூப்லி மறுபடி திரும்பினான். வாய் திறந்தது, ஒரே கவ்வல். தலையை இப்படியும் அப்படியும் உதறி, தொண்டை புடைக்க விழுங்கினான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவன் சிரிக்கத் தொடங்கினான்.

"சிரிக்காதேங்கோ. எனக்குக் கோவம் போகேல்ல."

"தெரியும்."

"கிழமை முழுக்கப் பொய் சொன்னனீங்கள். அது லேசில போகாது."

"ஓம்."

"நாளைக்கு ஊசி. வேலை முடிஞ்சா நேர வீட்டுக்கு வாங்கோ."

அவள் எழுந்து குசினிக்குப் போனாள். பல்கனிக் கண்ணாடிக்கு அப்பால், சால்வை இல்லாமல், தோள்களை ஒடுக்கிக்கொண்டு நின்றார் பரமேஸ்வரி. நிற்கட்டும், கொஞ்சம் குளிரட்டும் என்று நினைத்தாள். கேத்தலில் தண்ணீர் கொதிக்கும் வரைக்கும் அப்படியே நினைத்தாள். பிறகு கோப்பையோடு கதவைத் திறந்தாள்.

"இந்தாங்கோ மச்சாள். கோவத்தில சீனி போட மறந்திட்டன்."

பரமேஸ்வரி கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்தார். முகத்தைச் சுளித்தார். சீனி கேட்கவில்லை.

"சாப்பிட்டதே?" என்றார், ரயில் பாதையைப் பார்த்தபடி.

"சாப்பிட்டவன்."

கஜேந்தினி கதவைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றாள். "உள்ளுக்கு வாங்கோ. சூடு வெளியில போகுது."