உறைந்து நின்ற குழாய்

அச்சன்புதூர் முத்துவடிவுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மேகநோயாக, அதாவது சிபிலிஸாக, இருக்குமோ என்று அவள் ரத்தத்தைச் சோதிக்க எடுத்துவைத்தாள் டாக்டர் மங்களேஸ்வரி. தென்காசியில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இந்தச் சோதனை ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

சோதனைக்கு உயிர்நாடி, கினிப் பன்றி என்னும் சீமை எலியின் ரத்தத்திலிருந்து தெளியவைத்து எடுக்கும் நீர். அதில் காம்ப்ளிமென்ட் என்ற புரதங்கள் உண்டு. நோயாளியின் ரத்தத்தில் நோய்க்கு எதிரான சத்து இருந்தால் அது காம்ப்ளிமென்டைப் பிடித்துத் தீர்த்துவிடும். பிறகு போடும் ஆட்டு ரத்த அணுக்கள் உடையாமல் அடியில் தங்கிவிடும். நோய் இல்லையென்றால் மிஞ்சிய காம்ப்ளிமென்ட் அவற்றை உடைக்க, குழாய் முழுவதும் மாதுளைச் சாறாகச் சிவக்கும்.

அன்று அந்த நீர் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அதனால் வழக்கமான சரிபார்ப்புக் குழாய்களை விட்டுவிட்டு, நோயில்லாத ரத்தம் ஒன்றை மட்டும் ஒப்பிட வைத்தாள். கைக்கு எட்டியது தன் ரத்தம்தான்.

மத்தியானம் எடுத்துப் பார்த்தபோது முத்துவடிவின் குழாயில் அணுக்கள் உடையாமல் அடியில் உறைந்து கிடந்தன. டாக்டருடைய குழாயிலும் அப்படியே.

அப்படியென்றால் மங்களேஸ்வரிக்கும் அந்த நோயா? கல்யாணமாகி ஒரு வருஷம். கணவன் சிவசுப்பிரமணியன் இப்போது குற்றாலத்தில் ஒரு விடுதிக்கு மேனேஜர். அதற்கு முன் மூன்று வருஷம் பம்பாயில் இருந்தவன்.

சாப்பாட்டுக்கு வந்தவனிடம் மெல்லக் கேட்டாள். "அத்தான், பம்பாயில எங்கன தங்கியிருந்திய?"

"தாதர்ல, நம்மூர்க்காரர் மெஸ்ல. எதுக்குக் கேக்கே? மொகமே சரியில்லையே. சர்பத் வாங்கியாரலாம்னா ஐஸுமில்ல. நேத்து ராத்திரி முழுக்கக் கரண்டு இல்லியாம், ஐஸ் கம்பெனி ஓடலையாம்."

ஊற்றிக்கொண்டிருந்த ரசம் கரண்டியிலேயே நின்றது. காலையில் அவசரத்தில் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டுக் அந்த நீர்க் குப்பியை எடுத்தபோது, ஐஸ் உருகிய தண்ணீர் வெதுவெதுப்பாகத்தானே இருந்தது! காம்ப்ளிமென்ட் சூடு தாங்காது.

சாப்பிடாமலே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். யார் ரத்தமும் சேர்க்காமல், அந்த நீரையும் பக்குவப்படுத்திய ஆட்டு அணுக்களையும் மட்டும் ஒரு குழாயில் கலந்துவைத்தாள். சிவக்கவேண்டிய குழாய் அது. சிவக்கவில்லை. காம்ப்ளிமென்ட் செத்துப்போயிருந்தது. நாற்காலியில் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் செங்கோட்டையிலிருந்து ரயிலில் ஐஸ் வந்தது. புதிதாக நீர் எடுத்து, ஒரு குழாயையும் விடாமல் வைத்துப் பார்த்தாள். அவளுடையதும் முத்துவடிவுடையதும் பளிச்சென்று சிவந்தன.

"அப்போ எனக்கு ஏன் தங்கமாட்டேங்குது டாக்டரம்மா?" என்றாள் முத்துவடிவு.

"ஒடம்புல ரத்தமே இல்ல. வயித்துல கொக்கிப்புழு வேற. அதுவாத்தான் இருக்கும். மருந்து தாரேன், விடாம சாப்பிடணும்."

சாயங்காலம் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஒரு மத்தியானம் பூரா என்னைச் சந்தேகப்பட்டியாக்கும்?"

"அரை மணி நேரந்தான்."

அவன் சிரித்த சிரிப்பில் குடித்த காப்பி புரையேறியது. அவள் அவன் தலையைத் தட்டிவிட்டாள்.

அடுத்த வருஷம் ஆனிச் சாரலில் முத்துவடிவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவம் பார்த்தவள் மங்களேஸ்வரிதான். குழந்தை போட்ட சத்தம் வாசல்வரை கேட்டது.