கெஸ்லர் மரியாவுக்கு ஒரு தந்தி

எங்கள் குடியிருப்புக்கு அரசாங்கத் தாளில் ஏழாம் எண் என்று பெயர். ரயில்காரர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். "கெஸ்லர்ல நிக்குமா?" என்பார்கள். உள்ளூர்க் கசாக்குகள் வழி சொல்லும்போதும் "கெஸ்லரைத் தாண்டி" என்றுதான் கை காட்டுவார்கள். எங்களில் பாதிப் பேருக்கு அதுதான் குடும்பப் பெயர் என்பதால், ஊருக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது.

கெஸ்லர் என்றால் செம்புக் கொப்பரை அடிக்கிறவன். எங்கள் பாட்டன் பூட்டன் யாராவது ஒரு கொப்பரை அடித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எல்லோரும் மண்ணைக் கிளறினவர்கள். ஆனால் வோல்காக் கரையில் எங்கள் பழைய ஊரில் எதைத் தொட்டாலும் கெஸ்லர்தான். கெஸ்லர் மேடு, கெஸ்லர் படகுத்துறை, கெஸ்லர் ஆலை, வாயில் வைக்க முடியாத புளிப்போடு ஒரு கெஸ்லர் ஆப்பிள். நாற்பத்தொன்றில் ஜெர்மனியோடு போர் வந்ததும், தலைமுறை தலைமுறையாக ரஷ்யாவில் வாழ்ந்த ஜெர்மன்காரர்களான எங்களைத் துரோகிகள் என்று சொல்லி, மாடு ஏற்றுகிற ரயில் பெட்டிகளில் ஏற்றி இந்தப் புல்வெளியில் கொண்டுவந்து இறக்கினார்கள். மேடும் துறையும் ஆலையும் அங்கேயே நின்றுவிட்டன. பெயர் மட்டும் எங்களோடு வந்தது.

மாதம் ஒருமுறை கண்காணிப்பு அதிகாரியிடம் போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவர் "கெஸ்லர்!" என்று கத்துவார். முப்பத்தொரு பேர் திரும்புவோம்.

"ஒரு நாயைக் கூப்பிட்டா ஒரு நாய்தான் வரும். உங்களைக் கூப்பிட்டா ஒரு பட்டாளமே வருது" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

எங்களுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. நொண்டிக் கெஸ்லர், சிவப்புக் கெஸ்லர், கிணற்றடிக் கெஸ்லர். நான் வாக்கப்பட்டது வெங்காயக் கெஸ்லர் வீட்டில். என் மாமனாரின் அப்பா ஒரு வருஷம் கோதுமையை விட்டுவிட்டு நிலம் முழுக்க வெங்காயம் போட்டு, அத்தனையையும் அழுகவிட்ட மகான். அதற்கு நான் என்ன செய்ய? மரியா என்று என்னை ஒருவரும் கூப்பிட்டதில்லை. நான் வெங்காயம்தான். ஆனால் ஒன்று, இந்தப் பட்டப்பெயர்களை நாங்கள் எழுத மாட்டோம். கடிதத்திலோ, சர்ச் ஏட்டிலோ, கல்லறையிலோ அது வராது. எழுதினால் அவமானம் என்று நினைப்போம். தாளில் எல்லோரும் வெறும் கெஸ்லர்.

எங்கள் சுவருக்கு அடுத்த சுவர் கிணற்றடி வீடு. அந்த வீட்டுக்காரியும் மரியா கெஸ்லர், எங்கள் வாயில் கிணற்றடி. அவள் புருஷனும் யோஹான். இரண்டு யோஹான்களும் ஒன்பதாம் வருஷம் பிறந்தவர்கள், இரண்டு பேருக்கும் அப்பா பெயர் ஹைன்ரிஹ். நாற்பத்திரண்டு ஜனவரியில் இரண்டு பேரையும் ஒரே நாளில் யூரல் மலைக் காட்டு முகாமுக்கு மரம் வெட்ட இழுத்துக்கொண்டு போனார்கள்.

இனி வருவதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நாற்பத்துநான்கு மார்ச்சில் நானும் கிணற்றடியும் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி ஒரு தாளோடு வந்தான்.

"கெஸ்லர் மரியா!"

நான் பக்கத்தில் நின்றேன். தாள் என் கைக்கு வந்தது. எனக்கு ரஷ்ய எழுத்துப் படிக்கத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கெஸ்லர் யோஹான், அப்பா பெயர் ஹைன்ரிஹ், பிறப்பு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது, இதய நோயால் இறந்தார், மனைவி கெஸ்லர் மரியாவுக்குத் தெரிவிக்கவும். அவ்வளவுதான். எந்த யோஹான் என்று அதில் இல்லை.

என் மகன் பீட்டர் அம்மையில் போய் அன்றைக்குப் பதினேழு நாள். இன்னொன்றை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது. முடியவே முடியாது. நான் சத்தமாகப் படித்தேன். "கெஸ்லர் யோஹான், கிணத்தடி" என்று படித்தேன். அந்த ஒரு சொல்லை நான்தான் சேர்த்தேன்.

அவள் சாணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பிணமில்லாமல் இறுதிப் பாட்டுப் பாடினோம். நானும் பாடினேன். செத்தது யார் என்று எனக்கும் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. பாதிக்குப் பாதி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பாதி பொய் முழுப் பாவம் ஆகாது என்றுகூட நினைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரி பாருங்கள்!

ஒரு வருஷம் அவள் கறுப்புத் துணி கட்டினாள். பிறகு நாற்பத்தெட்டில், பெண்டாட்டி செத்த வண்டிக்காரர் பெக்மிர்சா அவளைக் கேட்டார். கசாக்குக்காரர், நல்ல மனுஷர். அலுவலகத்தில் அவள் அந்தத் தாளைக் காட்டினாள். அதிகாரி பெயரைப் பார்த்தார், முத்திரை குத்தினார். இப்போது அவர்களுக்கு ஆறு வயதில் குல்யாஷ் என்று ஒரு பெண் இருக்கிறாள். நான் மட்டும் தாள் வராதவள், காத்திருக்கிறவள். என் பொறுமையை ஊரே புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சி தொடங்கினாலே நான் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விடுவேன்.

ஐம்பத்தாறு ஏப்ரலில் தந்தி வந்தது. கையெழுத்துப் போடுகிற கட்டாயம் அதற்கு முந்தின டிசம்பரில்தான் போயிருந்தது. தொலைந்த ஆட்கள் ஒவ்வொருவராகக் கிளம்பி வந்துகொண்டிருந்த நேரம். தபாலாபீஸ் கிளாவா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"கெஸ்லர் மரியான்னு இருக்கு. 'உயிரோட இருக்கேன், வியாழக்கிழமை ரயிலில் வர்றேன், யோஹான்.' இங்க நாலு மரியா கெஸ்லர். ஒருத்திக்குப் புருஷன் வீட்டிலேயே கொறட்டை விடறான், ஒருத்தி புருஷன் பேரு ஆல்பர்ட்டு. கிணத்தடிக்காரிகிட்ட சாவுத் தாள் இருக்கு. அப்ப நீதான். அடியே, சிரியேண்டி! ஏன் இப்படி முழிக்கிறே?"

சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்தத் தந்தியிலும் பட்டப்பெயர் இல்லை. எங்கள் ஆள் எவனும் எழுத மாட்டான். பதினாலு வருஷம் முகாமில் அவன் ஒருவனே கெஸ்லராக இருந்திருந்தால், இங்கே எத்தனை பேர் என்பதே மறந்துபோயிருக்கும்.

என் யோஹான் என்றால் நான் தப்பித்தேன். நான் படித்த பொய் உண்மையாகிவிடும், யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். இல்லையென்றால் என் புருஷன் பன்னிரண்டு வருஷமாக மண்ணுக்குள் இருக்கிறான், பக்கத்து வீட்டுக்காரி புருஷன் உயிரோடிருக்கும்போதே இன்னொருவனுக்குப் பிள்ளை பெற்றிருக்கிறாள், அதைச் செய்தது நான். மூன்று நாளும் "என்னுடையவனாக இருக்கட்டும்" என்று ஜெபம் பண்ணினேன். கடவுளிடம் கேட்கிற முகமா அது? ஆனாலும் கேட்டேன்.

புதன்கிழமை கிணற்றடி மாவோடும் வெண்ணெயோடும் வந்து நின்றாள்.

"நகரு. உன் கையில கேக்கு கல்லாட்டம் வரும். பதினாலு வருஷம் கழிச்சு வர்ற மனுஷன் பல்லை ஒடச்சுக்கணுமா?"

"இருக்கிற பல்லு எத்தனையோ" என்றேன்.

"பல்லு இல்லேன்னா பால்ல தொட்டுக் குடு." மாவின் மேல் வெண்ணெயும் சர்க்கரையும் பிசைந்த உதிரி மாவைத் தூவினாள். தூவியபடியே குரலைத் தாழ்த்தினாள். "வெங்காயம், தப்பா நெனைக்காதே. தந்தி வந்துச்சுன்னு கேட்டதும் ஒரு நிமிஷம் எனக்கு நெஞ்சு நின்னுபோச்சு. என்னோட யோஹானோன்னு. அப்புறம் தாள் ஞாபகம் வந்துச்சு. நீதான் படிச்சியே. ஆண்டவனே, நல்லவேளைன்னு நெனைச்சேன் பாரு. செத்தவன் வராததுக்கு நல்லவேளைன்னு. நானெல்லாம் ஒரு பொம்பளையா?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவள் விரலில் ஒட்டிய இனிப்பு மாவைக் குல்யாஷ் நக்கிக்கொண்டிருந்தாள். நான் அடுப்பில் சாண வறட்டியைத் தள்ளினேன்.

வியாழக்கிழமை பெக்மிர்சாவின் வண்டியில்தான் ரயிலடிக்குப் போனோம். பனி உருகி வழியெங்கும் சேறு. அவர் எனக்காகத் தொப்பியைத் தட்டித் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கிணற்றடி என் பக்கத்தில், குல்யாஷ் அவள் மடியில்.

"அக்கா, உங்க ஆள் குதிரை ஓட்டுவாரா?" என்று ரஷ்ய மொழியில் கேட்டார். அவருக்கு எங்கள் ஜெர்மன் பேச்சில் ரொட்டி, மாடு, வா, போ தவிர ஒன்றும் தெரியாது. "எனக்கு ஒரு கூட்டாளி வேணும். இவ நல்லாத் திட்டுவா, ஆனா சக்கரத்தத் தூக்க மாட்டா."

"தூக்கறேன், உன் தலையில போட" என்றாள் கிணற்றடி.

ரயில் வந்தபோது குதிரை மிரண்டது. பெக்மிர்சா அதைப் பிடித்துக்கொண்டு குழந்தையோடு பின்னால் நின்றுவிட்டார். கடைசிப் பெட்டியிலிருந்து ஒரே ஓர் ஆள் இறங்கினான். கித்தான் கோட்டு, கையில் ஒரு பலகைப் பெட்டி. என் யோஹானுக்கு அகலமான தோள். இந்த ஆளுக்கு அப்படி இல்லை. பதினாலு வருஷத்தில் தோள் குறுகாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

"யோஹான்!"

தலையைத் தூக்கினான். பெயர் அதுதானே, தூக்காமல் என்ன செய்வான்? நாலடி தூரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கண் என் வீட்டுக் கண் இல்லை.

"வெங்காயமா? நீயா?" என்றான் கிணற்றடி யோஹான். "மரி எங்கே? தந்தி கெடைக்கலையா அவளுக்கு?" என் முகத்தைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். "மன்னிச்சுக்கோ. மொதல்ல உனக்குத்தான் சொல்லணும். உன் யோஹானை நான்தான் பொதைச்சேன். நாப்பத்திமூணு டிசம்பர்ல. மண்ணு பனியில இறுகிக் கெடந்துச்சு, நெருப்பு மூட்டி இளக்கித்தான் தோண்டினேன். எழுத்தர் எழுத மாட்டேன்னான். அவங்கிட்ட என் ரொட்டியக் குடுத்து, உனக்குத் தாள் அனுப்ப வெச்சேன். அப்புறம் உருளைக்கிழங்கு திருடினேன்னு எனக்குப் பத்து வருஷம் போட்டுட்டாங்க. வெளிய வந்து ஊர் ஊரா எழுதித்தான் உங்க எடத்தக் கண்டுபிடிச்சேன். தாள் வரலையா உனக்கு?"

"வந்துச்சு" என்றேன்.

எனக்குப் பின்னால் கிணற்றடி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவளைப் பார்த்ததும் அவன் பெட்டி கீழே விழுந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அதுல கிணத்தடின்னு இருந்துச்சா?"

"இல்லை."

"நீ சேத்தியா?"

"ஆமா."

அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அவள் தலைத்துணியைப் பார்த்தான், கசாக் மனைவிகள் கட்டுகிற மாதிரி கட்டியிருந்ததை. பிறகு தூரத்தில் பார்த்தான். குல்யாஷ் "அம்மா, வா! குதிரை கடிக்குது!" என்று கசாக் மொழியில் கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு நெற்றியும் முகவாயும் தாயைப் போலவே இருக்கும்.

"மரி" என்றான்.

பெக்மிர்சா குதிரையைக் கட்டிவிட்டு, சேற்றில் தாவித் தாவி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வந்துட்டாரா? இவர்தானா அக்காவோட ஆளு?" என்று பெண்டாட்டியைக் கேட்டார்.

கிணற்றடி தலைத்துணியை இழுத்து முடிந்தாள்.

"ஆமா" என்றாள் ரஷ்ய மொழியில், தெளிவாக. "இவர்தான். வெங்காயத்தோட வீட்டுக்காரர்."

யோஹானுக்கும் ரஷ்ய மொழி தெரியும், முகாம் சொல்லிக்கொடுத்திருக்கும். அவன் வாய் திறந்தது. அவள் எங்கள் மொழியில் வேகமாகச் சொன்னாள், வானிலையைப் பற்றிச் சொல்கிற குரலில். "எம்புருஷன் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே செத்துட்டான். ஒரு வருஷம் அழுதேன். மறுபடியும் என்னால முடியாது. தாள்ல எழுதியிருக்கிறதெல்லாம் ரெண்டு யோஹானுக்கும் ஒண்ணுதான், எந்த ஆபீசிலயும் கேக்க மாட்டான். நம்ம ஆளுக வாயை நான் பாத்துக்கறேன். அந்தக் கொழந்தைய நீ பாத்தேல்ல?"

"பாத்தேன்" என்றான்.

"அப்ப இவ வீட்டுக்குப் போ." என் பக்கம் திரும்பினாள். "கேக்கு நல்லா வந்திருக்கு. குடு அவருக்கு."

அவன் பெட்டியை எடுக்கக் குனிவதற்குள் பெக்மிர்சா எடுத்தார். மற்ற கையால் அவனைத் தழுவிக்கொண்டார். "வாங்க அண்ணே. அக்கா மூணு நாளாத் தூங்கவே இல்ல. ஊரே காத்துக்கிட்டிருக்கு, விருந்து தயார்."

அவன் வண்டியில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முன்னால், புருஷனோடு, குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. குளிருக்கு எனக்கும் அவனுக்குமாக ஒரே ஆட்டுத்தோலைப் போர்த்திவிட்டார் பெக்மிர்சா.

வண்டி அசைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் யோஹான் செத்துவிட்டான். நெருப்பு மூட்டித் தோண்டின குழியில் கிடக்கிறான், அந்த அகலமான தோளோடு. இனி கறுப்பு கட்ட எனக்கு உரிமை இல்லை. பாட்டும் கிடையாது. வீட்டு வாசலில் ஜனங்கள் என்னை வாழ்த்த நிற்பார்கள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினேன், நிற்கவில்லை.

பெக்மிர்சா திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அழுங்க அக்கா, நல்லா அழுங்க. சந்தோஷம்னா அப்படித்தான்."